ஓடினவர்களின் கால்களும் எனக்கு வர வேண்டிய ஒரு வரியும்

கால் தடவுகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: கால் சரியானால் ஓடினவனுக்குக் கைதட்டல், சரியாகாவிட்டால் தடவினவனுக்குப் பழி. அந்தப் பழியை என் தலையில் முதலில் வைத்தவர் எங்கள் கிளப் செக்ரட்டரி அருளப்பன். பிறகு வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனாலும் முதல் ஆள் அவர்தான், அதனால் பெயரையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவர் எனக்கு ஒரே ஒரு வரி தர வேண்டியிருக்கிறது. "செல்லதுரை கால் கெட்டது சின்னையாவால் இல்லை." இவ்வளவுதான். எந்த வாயால் என்மேல் பழி சொன்னாரோ அந்த வாயால் இதைச் சொல்ல வேண்டும்.

சின்னையா நான்தான். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முன்னும் பின்னும் பல வருஷம் மலாக்கா காஜா பேராங்கில் ஓட்டக்காரர்கள் கிளப் ஒன்றின் திடலைப் பார்த்துக்கொண்டேன். புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, நீளம் தாண்டுகிற குழியில் மணலைக் கிளறிவிடுவது என் வேலை. கால் பார்த்தது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எஸ்டேட்டில் ரப்பர் பால் ஏற்றும் வண்டி மாடுகளைப் பார்த்துக்கொண்டேன். நொண்டுகிற மாட்டின் காலைப் புறங்கையால் தொட்டு, எங்கே சூடு இருக்கிறது, எந்தக் காலை ஊன்றாமல் தப்பிக்கிறது என்று கண்டுபிடிக்க அங்கேதான் கற்றேன். மாடு வலிக்கிற இடத்தைச் சொல்லாது. ஓட்டக்காரன் சொல்வான், ஆனால் பொய் சொல்வான். இரண்டில் மாடு தேவலை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி இருக்கும். மீதிப் பேர் செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கியிருப்பீர்கள். எனக்கு இரண்டும் உண்டு, அதனால் நம்மவர்கள் என்றே நினைத்து எழுதுகிறேன்.

சுண்ணாம்பு

மற்றவர்கள் தப்பை எழுதப் போகிறவன் தன் தப்பை முதலில் எழுத வேண்டும். கோடு போடுகிற சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீர் விட்டு நீற்றி, ஆறவிட்டு, மறுநாள்தான் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை அவசரத்தில் மூட்டையைப் பிரித்து அப்படியே தூளாகப் போட்டுவிட்டேன். காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தது. அப்போது பாதிப் பேர் வெறுங்காலில்தான் ஓடுவார்கள். இரண்டு சுற்று முடிவதற்குள் விரல் இடுக்கெல்லாம் எரிகிறது என்று குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்கோட்டை ஒட்டியே ஓடுகிற ராஜா பிள்ளைக்குத்தான் அதிகம் பட்டது. அவர் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்னே வந்து குடியேறின தமிழர்களின் ஊர் அது. நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மலாயில்தான் வரும். நான் பயந்துபோய்த் தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினேன். தெங்கேராவில் இருந்த, புண்ணுக்குக் கட்டுப்போடுகிற ஒரு பழைய ஆஸ்பத்திரி டிரெஸர் நல்ல வேளையாக வேடிக்கை பார்க்க வந்திருந்தார். என் கையைத் தட்டிவிட்டார். ஒட்டியிருக்கும் தூளை முதலில் துணியால் தட்டு, பிறகு குழாயைத் திறந்து காலை அதன் கீழே நீட்டு, போதும் என்று தோன்றிய பிறகும் நீட்டிக்கொண்டே இரு, எண்ணெய் கிட்டேயே வரக்கூடாது என்றார். அப்படியே செய்தோம். தோல் உரியாமல் தப்பியது. ராஜா பிள்ளை குழாயடியில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்து மலாயில் கேட்டார்: "சுண்ணாம்பு தடவிட்டீங்க, வெற்றிலை பாக்கு எங்கே அண்ணே?"

கடல் எந்தப் பக்கம்

ஹசான் கிளேபாங்கில் மீன் பிடிக்கிற குடும்பம். தினமும் காலையில் கடற்கரை மணலில் தெங்கேரா வரை ஓடுவார். கல் இல்லை, முள் இல்லை, மெத்தை மாதிரி மணல். ஆனாலும் வலது முட்டியின் வெளிப்பக்கம் வலி. நடந்தால் வலிக்காது, உட்கார்ந்தால் வலிக்காது, ஒரு மைல் ஓடினால் கத்தி வைத்துக் கீறுகிற மாதிரி இருக்கும் என்றார். எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் திரும்பி வந்து நிற்பார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு நாள் நானும் கிளேபாங்குக்குப் போய், அவர் ஓடின மணலில் நடந்து பார்த்தேன். காலடித் தடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கரை கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. போகும்போது கடல் அவருக்கு வலது கைப்பக்கம். வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் எப்போதும் மேட்டில். சரி, திரும்பி வரும்போது மாறிவிடுமே, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுமே என்று கேட்டேன். அவர் திரும்பி ஓடி வருவதே கிடையாதாம். தெங்கேராவில் மீன் லாரியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம். எஸ்டேட் மேட்டுச் சரிவில் ஒரே பக்கமாக வண்டி இழுத்த மாடும் இப்படித்தான் ஒரு காலை நொண்டும்.

மூன்று வாரம் மணலே வேண்டாம், அதற்குப் பிறகு தண்ணீர் வற்றின நேரத்தில் கீழே சமமாக இருக்கிற ஈர மணலில் மட்டும், அதுவும் பாதித் தூரம் போய்ப் பாதித் தூரம் திரும்ப வேண்டும் என்று சொன்னேன். எண்ணெய் இல்லாமலே முட்டி சரியாயிற்று. ஆனால் அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. என்னை அண்ணன் என்கிற அர்த்தத்தில் பாங் என்றுதான் கூப்பிடுவார். "பாங், எனக்கு முட்டி நல்லாயிடுச்சு, லாரிக்காரனுக்குத்தான் வழியில பேச ஆள் இல்லாம போச்சு."

ஐஸ் கடை

ராஜா பிள்ளைக்கும் எனக்கும் ஏதோ ராசி. அடுத்த வருஷம் மணல் குழியின் ஓரப் பலகையில் கால் மடங்கி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நான் வருவதற்குள் யாரோ சூடான எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். வீட்டில் வெந்நீர் ஒத்தடம் வேறு. சாயங்காலம் பார்த்தால் கணுக்கால் பலாப்பிஞ்சு மாதிரி இருந்தது. நானும் அதுவரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தெங்கேரா டிரெஸரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: சுளுக்கின முதல் இரண்டு நாள் தேய்க்காதே, சூடு வைக்காதே. ஐஸைத் துணியில் சுற்றி வை, கால் மணி நேரம் வைத்து எடு, இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மறுபடி வை. துணி இல்லாமல் வைத்தால் தோல் வெந்துபோகும். பட்டைத் துணியால் கட்டு, தலையணை மேல் காலைத் தூக்கி வை. நாலு எட்டு நடக்கக்கூட முடியாவிட்டால், எலும்பைத் தொட்டாலே அலறினால், உன் வித்தையெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

மறுநாள் காலை தெங்கேராவில் ஐஸ் கட்டி விற்கிற சீனக் கிழவரிடம் போனேன், கடை முதலாளியை எங்கள் ஊரில் தவுக்கே என்போம். மரத்தூளைத் தள்ளிவிட்டு, ரம்பத்தால் ஒரு கட்டி அறுத்து, கோணிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். எந்தக் கடைக்கு என்று கேட்டார். கடைக்கு இல்லை தவுக்கே, ஓர் ஆளுடைய காலுக்கு என்றேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "காலுக்கா? சிரப்பு சிவப்பு ஊத்தவா, பச்சை ஊத்தவா?"

தார் ரோடு

இப்போது செல்லதுரை. டவுன் கவுன்சிலில் தற்காலிக ஆள். ரோடு பராமரிக்கிற வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். நானூற்று நாற்பது கஜ ஓட்டத்தில் அவனை மிஞ்ச மலாக்காவில் ஆள் இல்லை. அருளப்பன் அங்கேயே ஆபீசில் பெரிய கிளார்க். நீ கிளப்புக்குக் கப் வாங்கிக் கொடு, உன்னை நிரந்தரமாக்கப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

மெர்டேக்கா வருஷம், அந்தக் கொண்டாட்ட விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தபோது அருளப்பன் அவனுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, இனிமேல் தார் ரோட்டில் ஓடு, தூரத்தை இரண்டு மடங்காக்கு என்றார். புல்லில் வெறுங்காலோடு வளர்ந்த கால். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பை ஒட்டி விரலால் தடவினால் துள்ளினான். ஒரே இடத்தில் குத்தினால் எலும்பே விரிந்திருக்கலாம் என்று பயப்பட வேண்டும். இவனுக்கு எலும்பு நெடுகப் பரவின வலி. அது ஓய்வு கேட்கிற வலி. இரண்டு வாரம் ஓடாதே, சைக்கிள் மிதி, பிறகு புல்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவன் முட்டாள் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டான். "அண்ணே, காலுக்கு லீவு குடுத்தா செக்ரட்டரி எனக்கும் சேர்த்து லீவு குடுத்திருவாரு."

நாலு பாஷை

அவனைக் கெஞ்சி ஒரு வாரமாவது ஓய்வெடுக்க வைத்தேன். எலும்பு வலி போயிற்று. ஆனால் விட்டதைப் பிடிக்க வேகமாக ஓடி, இடது தொடையின் பின்பக்கத்தில் ஒரு இறுக்கம் வந்துவிட்டது. மெர்டேக்கா விளையாட்டுக்கு முந்தின நாள் தொட்டுப் பார்த்தேன். முறுக்கின கயிறு மாதிரி இருந்தது. நான் செல்லதுரையிடமும் சொன்னேன், அருளப்பனிடமும் சொன்னேன்: ஓடாமல் இருப்பது நல்லது. ஓடித்தான் தீர வேண்டும் என்றால், ஓடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்க வேண்டும். சூடாக்கின காலை ஆறவிடக் கூடாது. சூடானவுடனே ஓட வேண்டும். அருளப்பன், "சரி சரி, பார்த்துக்கிறேன்" என்றார். அவர் கையில் ஏதோ காகிதக் கட்டு இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் திடல் முழுக்கக் கொடி. செல்லதுரை கால் மணி நேரம் ஓடிச் சூடாக்கிக்கொண்டான். தொட்டுப் பார்த்தேன், கயிறு இளகியிருந்தது. அப்போது விருந்தினர்கள் வந்துவிட்டார்கள் என்று எல்லா ஓட்டக்காரர்களையும் மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். பேச்சு நாலு பாஷையில். மலாயில் ஒருவர் பேசினார், இங்கிலீஷில் ஒருவர், சீனத்தில் ஒருவர். மூன்றும் சேர்ந்து இருபது நிமிஷம். தமிழுக்கு அருளப்பன். காகிதக் கட்டு அதுதான். கிளப்பின் ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் ஏனோ அமுக்கிவிட்டேன். அரை மணிக்கு ஒரு சுற்று வருகிற சின்ன முள் ஒரு சுற்று முடித்து, மறுபடி ஆரம்பித்து ஏழு நிமிஷத்தில் வந்து நின்றது. முப்பத்தேழு நிமிஷம். வெயிலில் நின்றால் கால் சூடாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். வெயில் தோலைச் சூடாக்கும், உள்ளே இருக்கிற தசை அசைந்தால்தான் சூடாகும். அசையாமல் நின்ற கால் விறைத்துக்கொள்ளும்.

நான் வரிசைக்குப் பின்னால் போய், "செல்லதுரை, நின்ன இடத்திலேயே காலை ஆட்டுடா" என்று மெல்லச் சொன்னேன். அவன் இரண்டு தடவை குதிகாலைத் தூக்கினான். மேடையில் அருளப்பன் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "சுதந்திர நாட்டின் வாலிபர்கள் ஆடாமல் அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். அது காகிதத்தில் இருந்ததா, அப்போது சேர்த்ததா, தெரியாது. ஜனங்கள் கைதட்டினார்கள். செல்லதுரை அசையாமல் நின்றான். பேச்சு முடிந்த கையோடு முதல் ஓட்டம் நானூற்று நாற்பது. மறுபடி சூடாக்க ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று ஓடிப்போய்க் கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார்கள். நேரத்தை யார் தின்றது?

துப்பாக்கி வெடித்தது. இருநூறு கஜம் வரை அவன்தான் முன்னால். வளைவில் திரும்பும்போது யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி துள்ளி, தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நான் ஐஸ் சாக்கோடு ஓடினேன். கப் வேறு கிளப்புக்குப் போயிற்று. சாயங்காலம் கிளப் கொட்டகையில் தேத்தண்ணி. எல்லாரும் இருந்தார்கள், ஓட்டக்காரர்கள், கமிட்டிக்காரர்கள், செல்லதுரையின் மாமனார்கூட. எப்படி இப்படி ஆனது என்று ஒருவர் கேட்டார். அருளப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "எண்ணெய் போட்டுப் போட்டு நரம்பை இளக்கிட்டான். மாட்டுக்குத் தடவுற கையை மனுஷன் கால்ல வச்சா வேற என்ன ஆகும்?"

செல்லதுரை

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி வாசலிலேயே நின்றாள். அப்பா உங்களை உள்ளே விட வேண்டாம் என்றார் அண்ணே என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் கேட்டது மேடையில் நின்று பேசுகிறவரின் வார்த்தை. நான் வாசலில் நின்றபடியே உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: தேய்க்காதே, யாரையும் தேய்க்கவும் விடாதே. கருநீலமாகப் பரவினால் பயப்படாதே, உள்ளே கசிந்த ரத்தம்தான். வலிக்காத அளவுக்கு வீட்டுக்குள் நட. இரண்டு வாரம் கழித்துச் சமதரையில் நட. நடை நொண்டாமல் வந்த பிறகு மெதுவாக ஓடு. இரண்டு காலும் ஒரே அளவு நீளுகிற வரைக்கும் வேகமாக ஓடாதே. அவசரப்பட்டால் அதே இடத்தில் மறுபடி கிழியும்.

இரண்டு மாதம் கழித்து அவனே வந்தான். நான் வாசலில் கத்தியதை அப்படியே செய்தானாம். கால் நன்றாக இருந்தது. வேலையும் நிரந்தரமாகியிருந்தது. கப் போய்விட்டாலும் அருளப்பன் பேசியிருக்கிறார், அதை மறைக்காமல் எழுத வேண்டும். அப்படியானால் கொட்டகையில் ஒரு வார்த்தை சொல்லேன், உன்னை அசையாமல் நிறுத்தினது யார் என்று சொல்லேன் என்றேன். வேலை கொடுத்தவரை எப்படி அண்ணே என்று அவன் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. எனக்கும் ஒரு காலத்தில் வேலை போகிற பயம் இருந்ததுண்டு, ஆனாலும் மனசு ஆறவில்லை. எழுந்து போகும்போது சொன்னான்: "உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதாண்ணே?"

கொய்யாப்பழம்

அதற்குப் பிறகு திடலில் யாரும் என்னிடம் காலை நீட்டவில்லை. புல் வெட்டினேன், கோடு போட்டேன், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. என் வீட்டுப் பின்பக்கம் ஒரு கொய்யா மரம் உண்டு. ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடிப்பு, ஒருவருக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி. முன்பக்கம் வந்தால் அருளப்பனுக்குச் சொல்ல ஆள் இருந்தது.

கமிட்டியில் இருந்த ஒரு வாத்தியாரே வந்தார். கொட்டகையில் அருளப்பன் பேசியபோது தலையாட்டினவர்களில் அவரும் ஒருவர், எனக்கு மறக்கவில்லை. ஈரக் காலுறையோடு ஓடி, குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம். பிய்த்துவிடட்டுமா என்று நகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிய்க்காதீர்கள் வாத்தியாரே, மேல்தோல்தான் அதற்கு மருந்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி கட்டுங்கள், ரொம்பப் பெரிதாகி வலித்தால் ஆஸ்பத்திரியில் ஓரத்தில் ஊசி வைத்துத் தண்ணீரை எடுக்கச் சொல்லுங்கள், இனிமேல் காலுறை காய்ந்திருக்க வேண்டும், சப்பாத்தில் விரல் முனைக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் இருக்க வேண்டும் என்றேன். கட்டி முடித்ததும் அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்து நாலு காயைப் பறித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இப்படியே எல்லாரும் பறித்து, அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பழம்கூடப் பழுக்கவில்லை. வாத்தியார் போகும்போது குரலைத் தாழ்த்தினார். "சின்னையா, யாராவது கேட்டா நான் கொய்யாப்பழம் வாங்க வந்தேன்னு சொல்லிரு."

குதிகால்

வருஷங்கள் போயின. கிளப் கலைந்தது. திடலில் கடைகள் வந்துவிட்டன. அருளப்பன் பென்ஷன் வாங்கினார், டாக்டர் சொன்னார் என்று காலை நடை ஆரம்பித்தார். போன வருஷம் ஒரு நாள் காலையில் என் வீட்டு முன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குக் கொய்யா மரம் தேவைப்படவில்லை. குதிகாலை ஊன்றாமல் வந்தார். எந்த மாடு எந்தக் காலைத் தப்பிக்கிறது என்று பார்க்கிற கண் எனக்கு இன்னும் போகவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி குத்துகிற மாதிரி வலி, கொஞ்சம் நடந்தால் குறைகிறது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறது என்றார். உள்ளங்காலில் ஓடுகிற நார் இழுத்துக்கொள்வது அது. கீழே பார்த்தேன். தேய்ந்துபோன ரப்பர் சிலிப்பர். அதைப் போட்டுக்கொண்டு தினமும் மூன்று மைல்.

உட்காருங்கள் என்றேன். அவர் காலை என் மடியில் வைத்தேன். மாட்டுக்குத் தடவின அதே கைதான். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. காலி சோடா பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டச் சொன்னேன். காலையில் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே கால்விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள், சுவரில் கையை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை இழுங்கள், சிமெண்டுத் தரையில் வெறுங்காலில் நிற்காதீர்கள், குதிகால் தடிப்பான சப்பாத்து வாங்குங்கள், மூன்று மைலை ஒரு மைலாக்குங்கள், மாதக் கணக்காகும், பொறுமை வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிற நேரம் பார்த்து நான் கேட்டேன்: "செக்ரட்டரி, அன்னைக்குச் செல்லதுரை கால் கிழிஞ்சது யாரால?"

அவர் பாட்டிலை உருட்டுவதை நிறுத்தினார். நான் காத்திருந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் ஒரு நிமிஷம் பெரிதில்லை. கண் கொஞ்சம் கலங்கின மாதிரிகூட இருந்தது. வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் குனிந்து, என் கையை முதல் தடவையாகத் தொட்டார். "சின்னையா, அதை விடு. அன்னைக்கு என் தமிழ்ப் பேச்சு எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன். இப்போது குதிகால் சரியாகி, தினமும் காலையில் என் வீட்டைத் தாண்டித்தான் நடக்கிறார், முப்பத்தேழு நிமிஷம் ஓயாமல் பேசின அந்த வாய்க்கு என்னுடைய ஒரு வரி மட்டும் இன்னும் வரவில்லை.